மாலதி மாஷிக்கு ஒரு வரி

டாக்குரியா, கல்கத்தா
5 ஜனவரி 1998

அன்புள்ள பியூலா அக்காவுக்கு,

பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள்தானே என்னிடம், "மஹிமா, நாங்க போன பிறகு நீதான் எங்களுக்குக் கண்ணு" என்று சொன்னீர்கள். அப்பா, அம்மா, நான் மூவரும் கர்த்தர் தயவில் சுகம். பெரியப்பாவும் பெரியம்மாவும் எப்படி இருக்கிறார்கள்? விமானத்தில் உங்கள் வயிறு தொந்தரவு செய்யவில்லையே?

உங்கள் சபைப் பத்திரிகைக்காக, ஊழியக் கூட்டத்தின் கடைசி நாளை எழுதச் சொன்னீர்கள். சிங்கப்பூரிலிருந்து நீங்கள் எல்லோரும் மஞ்சள் சட்டையில் வந்து இறங்கியதும், ரயில் பாதையோரக் குடிசைகளில், இங்கே பஸ்தி என்பார்கள், பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்ததும் உங்களுக்கே தெரியும். அம்மா சொன்னது மட்டும் தெரியாது. "ஏட்டி, இவங்க ஊழியத்துக்கு வந்தாங்களா, பாட்டில் தண்ணி குடிக்க வந்தாங்களா" என்றாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கடைசி நாள் மாலதி மாஷி வந்தாள். லேக் கார்டன்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். இங்கே சித்தி முறைக்கு மாஷி என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். டி.பி. வந்து, சர்க்கார் மருந்தகத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் அவள் தலையில் கை வைத்து ஜெபித்து, "கர்த்தர் உங்களைச் சுகமாக்கிட்டார், விசுவாசிங்க" என்றீர்கள். நான் அதைப் பெங்காலியில் சொன்னேன். அப்போது அவள் உங்களைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, "இனிமே இது எதுக்கு" என்று உங்கள் கையில் வைத்தாள். நீங்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். உங்கள் குழுவை நடத்தி வந்த எட்வின் அங்கிள் ஸ்தோத்திரம் சொன்னார். எல்லோரும் கை தட்டிய சத்தத்தில் ரயில் போனதுகூடக் கேட்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. பெரியம்மாவுக்கு என் முத்தங்கள்.

அன்புத் தங்கை
மஹிமா

~

சிங்கப்பூர்
24 ஜனவரி 1998

என் செல்ல மகிக்கு,

கிறிஸ்துவின் சமாதானம் உன்னோடிருக்கட்டும். சித்தப்பா, சித்தி நலமா? இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் அசதி.

உன் கடிதத்தைச் சபையில் நானே வாசித்தேன். நடுவில் வாசிக்க முடியாமல் அழுதுவிட்டேன். அந்த மாத்திரை அட்டையைக் கையில் தூக்கிக் காட்டினேன். சபையே எழுந்து நின்றது. எட்வின் அங்கிள், "பியூலா, உன் அழைப்பு இதுதான்" என்றார். முன் வரிசையில் இருந்த அம்மா, கூட்டம் முடிந்ததும் அட்டையைத் தன்னிடம் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

மாலதி எப்படி இருக்கிறாள்? அவள் மகள் புத்துல் எப்படி இருக்கிறாள்? ஒன்று விடாமல் எழுது.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்
பியூலா அக்கா

~

டாக்குரியா
15 பிப்ரவரி 1998

அன்புள்ள பியூலா அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பெரியம்மாவின் அசதி தீர்ந்ததா? அம்மா சுக்குத் தண்ணீர் வைத்துக் குடிக்கச் சொல்கிறாள்.

மாலதி மாஷி நன்றாக இருக்கிறாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. எப்போது கேட்டாலும், "பாலோ ஆச்சி, நல்லா இருக்கேன்" என்கிறாள். மூன்று வீட்டு வேலையும் மறுபடி பிடித்துவிட்டாள்.

புத்துலுக்கு ஒரு புது விளையாட்டு. தண்டவாளத்துப் பக்கம் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது. அதன் தலையில் கை வைத்துக் கண்ணை மூடி, அன்று நான் பெங்காலியில் சொன்ன ஜெபத்தை அப்படியே சொல்கிறாள். ஒரு சொல் தப்பவில்லை. நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவளும் மூச்சு வாங்குகிறாள். ஐந்து வயதுக் குழந்தையின் வாயிலிருந்து என் குரல் வருகிறது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 

இன்னொன்றும் எழுத வேண்டும். அப்பாவின் ஆபீஸ் டாக்டர் வெங்கடராமன் வீட்டுக்கு வந்திருந்தார். மாஷி மாத்திரையை விட்டுவிட்டதை அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு மாசத்துல எல்லாருக்கும் சுகமான மாதிரிதான் இருக்கும். ஆறு மாசம் சாப்பிடணும். நடுவுல விட்டா திரும்ப வரும், வந்தா அந்த மருந்தே கேக்காமப் போகலாம்" என்றார். எங்கள் போதகரும், மருந்தும் கர்த்தர் கொடுத்ததுதான் என்று மாஷியிடம் சொன்னார். அவள் எல்லோருக்கும் தலையாட்டுகிறாள். மருந்தகத்துக்கு மட்டும் போக மாட்டேன் என்கிறாள்.

நீங்கள் ஒரு வரி எழுதுங்கள் அக்கா. "மாத்திரையைச் சாப்பிடு" என்று. நான் படித்துக் காட்டுகிறேன். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

அன்புடன்
மஹிமா

~

சிங்கப்பூர்
20 மார்ச் 1998

அன்பு மகிக்கு,

எல்லோரும் சுகமென நம்புகிறேன். உனக்குப் பரீட்சை நேரம் அல்லவா? நன்றாக எழுது. புத்துலுக்கு ஒரு தலைப்பட்டையும் மிட்டாயும் அனுப்பியிருக்கிறேன்.

மாலதி சுகமாக இருக்கிறாள் என்று நீ எழுதிய பத்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசி என்றார்கள். மறுநாளும் கேட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் மடித்த இடத்தில் கிழிந்துவிட்டது. அடுத்த கடிதத்தில் அவளைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுது. என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்பதையெல்லாம் எழுது.

டாக்டர்கள் அவர்கள் படித்ததைச் சொல்வார்கள். நாம் அவிசுவாசத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

அன்புடன்
பியூலா அக்கா

~

டாக்குரியா
12 ஏப்ரல் 1998, ஈஸ்டர்

அன்புள்ள பியூலா அக்காவுக்கு,

உயிர்த்தெழுந்த ஆண்டவரின் பெயரால் உங்கள் எல்லோருக்கும் வாழ்த்து. நாங்கள் சுகம். பெரியம்மா எப்படி இருக்கிறார்கள் என்று போன கடிதத்தில் நீங்கள் எழுதவில்லையே.

மாஷிக்கு இருமல் திரும்பிவிட்டது. நேற்று அவள் குடிசைக்குப் போனேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"மாஷி, மாத்திரைய மறுபடி ஆரம்பிக்கணும்."

"நீதானே சுகமாயிடுச்சுன்னு சொன்னே."

"நான் சொல்லலை. அக்கா சொன்னாங்க, அதை நான் உங்க பாஷையில சொன்னேன்."

"அப்போ இதுவும் அக்கா சொன்னதா?"

 "இல்லை" என்றேன்.

அவள் என் கன்னத்தைத் தட்டினாள். "அப்போ அக்கா சொல்லட்டும். அவங்க சொன்னா நாளைக்கே போறேன். அவங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து எனக்காக வந்து அழுதவங்க. அவங்களைக் கேக்காம மாத்திரைய வாயில போட்டா, அவங்க முகத்துல துப்பின மாதிரி ஆகாதா?"

அப்பா உங்கள் வீட்டுக்கு டெலிபோன் செய்தார். பெரியப்பா, "பியூலாகிட்டச் சொல்றேன்" என்றார், பிறகு இணைப்பு போய்விட்டது. சொன்னாரா அக்கா? ஒரே ஒரு வரி போதும். தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் கையெழுத்து என்று காட்டினால் போதும்.

மஹிமா

~

சிங்கப்பூர்
2 ஜூன் 1998

மகிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

உன்னிடம் மறைக்கக் கூடாது. அம்மாவுக்கு மார்பில் கட்டி. டிசம்பரில் நாங்கள் கல்கத்தாவில் இருந்தபோதே தெரிந்துவிட்டதாம். ஊழியம் கெட்டுவிடும் என்று எனக்குச் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு மார்ச்சில் தேதி கொடுத்தார்கள், அம்மா வேண்டாம் என்றுவிட்டார்கள். மே மாதம் மறுபடி கொடுத்தார்கள். "மாலதிக்குச் செய்தவர் எனக்குச் செய்ய மாட்டாரா" என்கிறார்கள். அட்டை அவர்கள் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

உன் ஈஸ்டர் கடிதம் வந்ததா என்று அம்மா கேட்டார்கள். வரவில்லை என்றேன்.

மாலதி நலம் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பியூலா

~

டாக்குரியா
28 ஜூன் 1998

அன்புள்ள பியூலா அக்காவுக்கு,

பெரியம்மாவை நினைத்து நாங்கள் மூவரும் தினமும் ஜெபிக்கிறோம். அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள்.

நீங்கள் கேட்டபடி ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா, "ஒரு சொல்லுதானட்டி, எழுதிப் போடேன். அங்க ஒரு உசுரு அதைப் புடிச்சிட்டுக் கெடக்கு" என்றாள்.

அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். "அந்த உசுருக்காகத்தான் எழுதக் கூடாதுங்கேன். மைனி ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கதே அந்தச் சொல்லாலதான்."

"நீங்க ஒங்க அண்ணாச்சிகிட்ட நேரா சொல்லுங்களேன். புள்ளய எதுக்கு இழுக்கிய?"

அப்பா அதற்குப் பிறகு இரண்டு முறை பெரியப்பாவுக்கு டெலிபோன் செய்தார். "உன் மைனி யார் சொன்னாலும் கேக்கலைடா" என்று மட்டும் பெரியப்பா சொன்னாராம்.

அதனால் உள்ளதை எழுதுகிறேன். மாஷி ரத்த வாந்தி எடுத்தாள். அப்பாவும் நானும் டாக்சியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இப்போது ஊசி போடுகிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். நர்ஸ் எதிரில் நிற்பதால் விழுங்குகிறாள். விழுங்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். உங்களுக்குத் துரோகம் செய்வதாக நினைக்கிறாள். "உங்க அக்காவுக்கு எழுதாதே" என்றாள்.

இந்தக் கடிதத்தைப் பெரியம்மாவிடம் காட்டுங்கள் அக்கா. தயவுசெய்து காட்டுங்கள்.

மஹிமா

~

டாக்குரியா
16 ஆகஸ்ட் 1998

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

மஹிமா எழுதுகிறேன். அக்காவிடமிருந்து பதில் வராததால் இதை உங்கள் பெயருக்கே அனுப்புகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

மாலதி மாஷி போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டாள். ஜெபித்த பிறகு அவள் நன்றாக இருந்தது உண்மை. அது அதற்கு முன்னால் சாப்பிட்ட மாத்திரையால் என்று டாக்டர் சொல்கிறார். மாத்திரையை நிறுத்திய பிறகு நோய் திரும்பியது. மறுபடி கொடுத்தபோது அந்த மருந்து கேட்கவில்லை. நான் பார்த்தது இவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், இது அக்கா சொன்னதா என்று அவள் கேட்டபோது "ஆமாம்" என்று சொல்லியிருக்கலாம். மறுநாளே மருந்தகத்துக்குப் போயிருப்பாள். நான் "இல்லை" என்றேன். ஜன்னலுக்கு வெளியே ரயில் போகும்போதெல்லாம் அந்தக் கேள்வி எனக்குக் கேட்கிறது. பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் ரயில் போய்விடுகிறது.

புத்துலை அவள் அத்தை வைத்திருக்கிறாள். அவள் இப்போதும் நாய்க்குட்டிக்கு ஜெபம் செய்கிறாள். நேற்று வாசற்படியில் யாரும் இல்லாத இடத்தில் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு சொன்னாள். கை, அவள் அம்மா உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில் இருந்தது.

பெரியம்மா, நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் மகள் போன்ற
மஹிமா

~

சிங்கப்பூர்
3 செப்டம்பர் 1998

என் கண்ணு மஹிமாவுக்கு,

உன் அப்பாவிடமும் அம்மாவிடமும் என் அன்பைச் சொல். நான் சுகமில்லை. இப்படி எழுதவே ஒரு மாதிரியாக இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எந்தக் கடிதத்திலும் நான் இதை எழுதினதில்லை.

ஜூனில் நீ எழுதினதை பியூலா எனக்குக் காட்டவில்லை. உன் கடிதத்தை வாசித்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. எனக்காகத்தான் மறைத்தாள். பெற்றவளைக் காப்பாற்றுகிறதாக நினைத்திருக்கிறாள்.

மாலதியை நான் பார்த்ததில்லை. ஆனால் படுக்கும்போது தினமும் அவளோடு பேசுவேன். "இன்னைக்கு எத்தனை வீடு தேச்சே? எனக்கு மாடிப்படி ஏற முடியலை, நீ எப்படி ஏறுறே?" என்று கேட்பேன். அவள் பதில் சொல்லுகிற மாதிரியே இருக்கும். ஆகஸ்டு முழுக்கப் பேசினேன். போன பிறகும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. இன்னும் என்னால் நிறுத்த முடியவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேருகிறேன். பிந்திவிட்டது என்றுதான் டாக்டர் சொல்கிறார், ஆனாலும் வரச் சொன்னார். உன் பெரியப்பா பெட்டி அடுக்குகிறார். மூன்று துண்டு வைத்துவிட்டார், ஒரு சேலை வைக்கவில்லை.

நீ "இல்லை" என்று சொன்னதற்காக உன்னை யாரும் கேட்க மாட்டார்கள். நீயும் கேட்டுக்கொள்ளாதே.

பெரியம்மா
வத்சலா

~

சிங்கப்பூர்
15 நவம்பர் 1998

மகிக்கு,

எல்லோரும் சுகமா? அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். முடி கொட்டுகிறது. அடுத்த வருஷம்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்கள்.

டிசம்பரில் மறுபடி அங்கே குழு வருகிறது. நான் வரவில்லை. எட்வின் அங்கிளிடம் அம்மாவின் உடல்நிலையைக் காரணம் சொன்னேன். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. இந்த முறையும் நீயே மொழிபெயர்ப்பாய் என்று உங்கள் சபையார் அவரிடம் சொல்லியிருக்கிறார்களாம்.

புத்துலின் உயரம் எவ்வளவு? தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு நூல் பிடித்து அளந்து, அந்த நூலையே உறையில் வைத்து அனுப்பு. கை அளவும் வேண்டும்.

பியூலா

~

டாக்குரியா
29 டிசம்பர் 1998

அன்புள்ள பியூலா அக்காவுக்கு,

பெரியம்மாவின் தையல் ஆறிவிட்டதா? கொஞ்சமாவது சாப்பிடுகிறார்களா? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். நீங்கள் தைத்து அனுப்பிய நீலக் கவுன் வந்தது. புத்துலுக்குத் தோளில் கொஞ்சம் பெரிது. அவள் அத்தை, "வளர்ற பொண்ணுதானே" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்துக்குப் பக்கத்து ஹாலில் கூட்டம் நடந்தது. பஸ்தியிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். புத்துல் அந்தக் கவுனோடு அத்தை மடியில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எட்வின் அங்கிள் ஸ்லைடு காட்டும் இயந்திரம் கொண்டுவந்திருந்தார். போன வருஷத்து ஊழியத்தைக் காட்டப்போவதாகச் சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சுவரில் வெள்ளைப் படுதா கட்டி, விளக்கை அணைத்தார்கள்.

முதலில் விமான நிலையம், பிறகு கிட்டாரோடு நீங்கள். நாலாவது படத்தில் மாலதி மாஷி வந்தாள். சுவர் உயரத்துக்கு வந்தாள். முக்காடு விலகி, சிரித்துக்கொண்டு, மூக்குத்தி மின்ன.

ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. அங்கிளுக்கு அது புரியவில்லை. உற்சாகமாக, "இந்தச் சகோதரியைக் கர்த்தர் பூரண சுகமாக்கினார். இன்னைக்கு எங்க சபையில நிறைய பேருக்கு இவங்கதான் சாட்சி. சொல்லும்மா, மஹிமா" என்றார்.

இருட்டில் எல்லோரும் என் பக்கம் திரும்பினது எனக்குத் தெரிந்தது. முகங்கள் தெரியவில்லை. அவர்களுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பாடையைத் தூக்கினவர்களே அங்கே இருந்தார்கள். போன வருஷம் நான் நின்ற அதே மாதிரி அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னதை நான் பெங்காலியில் சொல்லவில்லை. அங்கிள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன். "அங்கிள், அவங்க இல்லை. ஆகஸ்டுல இறந்துட்டாங்க. சுகமாயிட்டோம்னு நம்பி மாத்திரைய நிறுத்திட்டாங்க. முன்னால நீலக் கவுன்ல இருக்கிறது அவங்க பொண்ணு."

அவர், "பியூலாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்" என்றேன். மன்னியுங்கள் அக்கா, வேறு சொல்ல வரவில்லை. அவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, "லைட்டைப் போடுங்க" என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது.

ட்யூப்லைட்டுகள் எரிந்ததும் படுதா வெளுத்துவிட்டது. இயந்திரம் அதே படத்தோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அந்த வெளிச்சத்தில் மாஷி இல்லை. புத்துல் அத்தை மடியிலிருந்து இறங்கிப் படுதாவிடம் போனாள். உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஓரத்தைத் தூக்கிப் பின்னாலும் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது. திரும்பி என்னிடம், "அம்மா எங்கே போனா? இப்போ இருந்தாளே" என்றாள்.

"என்ன கேக்குது குழந்தை?" என்றார் அங்கிள். அதை மட்டும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே தானே நடந்து சுவரோரம் போனார். ஸ்விட்சுகள் மேல் கை வைத்துக்கொண்டு ஒருமுறை படுதாவைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக விளக்குகளை அணைத்தார்.

மஹிமா